முடி கொட்டுகிறது என்று எண்ணெய் கேட்டு வந்தவர்களுக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. பேருந்தில் நின்றுகொண்டே படிக்காதீர்கள். வீட்டுக்குப் போய், ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள். பொம்பளைங்க விஷயம்தானே என்று ஆண்கள் யாரும் தள்ளிவிட்டுப் போகவேண்டாம். உங்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

நான் தலைக்கு எண்ணெய் காய்ச்சுவது உங்களில் பலருக்குத் தெரியும். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்திப்பூ, வெந்தயம் போட்டு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவேன். எங்கள் ஆயா காலத்துப் பக்குவம். ஓய்வு பெற்ற பிறகு இதுவே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. காசு வாங்குவதில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டில் கேட்டு வாங்கிப் போவார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் வரும். "டீச்சர், முடி கொட்டுது, எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வையுங்க" என்பார்கள்.

போன ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் என் பழைய மாணவி ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் வேண்டாம். அம்மாவும் மகளும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். மகளுக்கு இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள். வீட்டுக்குள் வந்த பிறகும் துப்பட்டாவைத் தலையிலிருந்து எடுக்கவில்லை. புழுக்கமான நாள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது.

"டீச்சர், இவளுக்கு நல்லா முடி வளர்ற மாதிரி எண்ணெய் குடுங்க. தையில பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள கொஞ்சம் அடர்த்தியாயிட்டா போதும்" என்றாள் அம்மா.

நான் அந்தப் பெண்ணிடம், "துப்பட்டாவை எடு கண்ணு, பாக்கலாம்" என்றேன். உச்சந்தலையில் வகிடு விரல் அகலத்துக்கு விரிந்திருந்தது. முன்நெற்றி முடி இருக்கிறது, பின்பக்கமும் இருக்கிறது, நடுவில்தான் தோல் தெரிகிறது. கழுத்தின் பின்புறம் அழுக்குப் படிந்ததுபோல் கறுத்து, தோல் தடித்திருந்தது. முகவாயில் பவுடர் கொஞ்சம் அதிகம். ஏன் என்று கேட்கத் தேவையில்லை, பவுடருக்குக் கீழே தெரிந்தது.

"மாசா மாசம் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறியா?" என்று கேட்டேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொன்னாள்: "அது மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரும் டீச்சர். சில சமயம் நாலு மாசம் ஆவும். கல்யாணமானா எல்லாம் சரியாப் பூடும்னு எங்க மாமியார் சொல்றாங்க."

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். வாரம் இரண்டு முறை கதவைச் சாத்திக்கொண்டு முகவாய் முடியைப் பிடுங்குகிறாளாம். விடுதியில் யாரோ ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.

அலமாரியில் நான்கு பாட்டில் எண்ணெய் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் கும்பிட்டு வாங்கிப் போயிருப்பார்கள். நான் கொடுக்கவில்லை. அதற்கு என் சொந்தக் கதை ஒன்று காரணம். அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1992-ல் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. நம் ஊர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "பிள்ளை மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்" என்று எங்கள் அம்மா சொன்னார். நம் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் எனக்குக் குழந்தை சிரித்து, தவழ்ந்து, நடந்து, ஓடியும் கொட்டுவது நிற்கவில்லை. போர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், சீயக்காயை மாற்றினேன். கண்ணேறு என்றார்கள், சுற்றிப் போட்டோம். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டேன். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்று ஒரு நம்பிக்கை. முளைத்து வந்ததும் மெலிந்த முடிதான்.

முடி மட்டுமா போயிற்று? உடம்பு பெருத்தது. மாசியிலும் குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். குரல் கரகரத்தது. கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு அடுத்த வரி என்ன என்று மறந்து நிற்பேன். எதற்கெடுத்தாலும் எரிச்சல். வீட்டில் "டீச்சரம்மாவுக்கு உடம்பு வணங்கல" என்றார்கள். காட்டிய இடத்தில் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

1994-ல் என் மாமியாருக்குக் கண் காட்ட பாண்டிச்சேரி போயிருந்தோம். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, அந்த வழியாகப் போன வயதான பெண் மருத்துவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து நின்றார். "உங்க புருவம் வெளிப்பக்கம் பாதி எங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையால் தடவிப் பார்த்தேன். காதுப் பக்கம் இருக்க வேண்டிய புருவம் இல்லை. கண்ணாடியில் தினம் பொட்டு வைத்த நான் கவனிக்கவே இல்லை. அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்துபோயிருந்தது. அன்று தொடங்கிய சின்ன மாத்திரையை இன்று காலை வரை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நாலைந்து மாதத்தில் குரல் திரும்பியது, நினைவு திரும்பியது, புருவம் முளைத்தது. முடி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பழைய நீளம் வரவில்லை. போதுமான முடி வந்தது.

இனிப் பாடம். டீச்சர் பாடம் எடுக்காமல் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. நெல் வயல் என்றால் ஒரே நாளில் நட்டு ஒரே நாளில் அறுக்கிறோம். தலை அப்படியல்ல, அது தோப்பு மாதிரி. ஒரு மரம் கன்றாக இருக்கும், ஒன்று காய்க்கும், ஒன்று பட்டுப்போகும். ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருடம் வரை வளர்கிறது, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்து உதிர்கிறது. அதே வேரிலிருந்து புதியது கிளம்புகிறது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடி பார்த்துவிட்டு யாரும் பயப்படவேண்டாம்.

எந்த முடி வளரவேண்டும், எது ஓய்வெடுக்கவேண்டும் என்பதில் ஹார்மோன்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஹார்மோன் என்பது ஒரு சுரப்பி ரத்தத்தில் கலந்து அனுப்பும் கடிதம் மாதிரி. ஓரிடத்தில் சுரந்து வேறோர் இடத்தில் வேலை செய்யும். அதனால்தான் கழுத்திலோ அடிவயிற்றிலோ இருக்கும் கோளாறு தலையில் தெரிகிறது.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதிகமாக இருக்கும். உதிரவேண்டிய முடியையும் உதிரவிடாமல் பிடித்துவைக்கும். மாசமாக இருக்கும்போது முடி அடர்த்தியாக இருக்கிறது என்று சொல்வது அதனால்தான். பிரசவம் ஆனதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குகிறது. பிடித்துவைத்திருந்த முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதத்தில் ஒன்றாகக் கொட்டுகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் அதே சமயத்தில்தான். நம் பெரியவர்கள் காலத்தைச் சரியாகக் கணித்தார்கள், காரணத்தைத்தான் குழந்தை தலையில் போட்டுவிட்டார்கள். இந்த உதிர்வு பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தானாக நின்று, முடி திரும்ப வந்துவிடும். ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால், என்னைப்போல் இரண்டு வருடம் காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கெடுவது அபூர்வம் இல்லை.

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்று தீர்மானிப்பது அது. குறைந்தாலும் முடி கொட்டும், கூடினாலும் கொட்டும். எனக்கு வந்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தைராய்டைத் தாக்கும் வகை. 1912-ல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் முதலில் எழுதி வைத்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இதற்கான மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடவேண்டும். அரை மணி நேரமாவது கழித்துத்தான் காப்பி. சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால் இதன் மருந்து உடம்பில் ஏறாது. உடம்பு சரியாகிவிட்டது என்று நாமாக நிறுத்திவிடவும் கூடாது.

தைராய்டு வேலை செய்ய அயோடின் வேண்டும். எங்கள் சிறு வயதில் மரக்காணத்து உப்புதான், தெருவில் கூவி விற்பார்கள். படி கணக்கில் அளந்து வாங்கிப் பானையில் போட்டுவைப்போம். அதில் தேவையான அயோடின் கிடையாது. 1950-களில் மருத்துவர் ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மக்களுக்கு அயோடின் உப்பு கொடுத்து, கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். 1962-ல் தேசிய அளவில் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 2006-லிருந்து அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க நாடு முழுவதும் தடை. பள்ளியில் பிள்ளைகளை வீட்டு உப்பைக் கொண்டுவரச் சொல்லி, அதில் சொட்டு விட்டு நீலமாகிறதா என்று பார்த்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நம் மாவட்டத்தில் மரவள்ளி அதிகம் விளைகிறது. அயோடின் போதாத உடம்பில் மரவள்ளியை மட்டுமே நம்பித் தின்றால், அதிலுள்ள ஒரு பொருள் தைராய்டுக்கு அயோடின் சேரவிடாமல் தடுக்கும். நன்றாக வேகவைத்து, அயோடின் உப்போடு, மற்ற சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. இயற்கை உப்பு என்று சொல்லிக் கல்லுப்புக்குத் திரும்புகிறவர்கள் பொட்டலத்தில் அயோடின் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது, அந்தப் பெண்ணுக்கு இருப்பது. நம் பக்கத்தில் 'கர்ப்பப்பையில் நீர்க்கட்டி' என்கிறோம். அந்தப் பெயரில் இரண்டு தப்பு. அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். கட்டியும் இல்லை, முதிர்ந்து வெளியேற முடியாமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள். கட்டி என்ற சொல்லைக் கேட்டே எத்தனை தாய்மார்கள் புற்றுநோயோ என்று நடுங்கியிருக்கிறார்கள்! மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். 1935-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். இன்று ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது.

பெண் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் சுரக்கும். அது இயற்கை. பி.சி.ஓ.எஸ்.-ல் அது கூடிவிடுகிறது. பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும். கழுத்துக் கறுப்பு அதனுடைய அடையாளம்தான். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அது போகாது, ஏனென்றால் அது அழுக்கில்லை. ஒரே ஹார்மோன் முகவாயில் பூனைமுடியை முரட்டு முடியாக்கும், உச்சந்தலையில் முடி வேரைச் சுருங்கவைத்து முடியை மெலியவைக்கும். வேண்டாத இடத்தில் முளைக்கிறது, வேண்டிய இடத்தில் கொட்டுகிறது. இரண்டும் ஒரே காரணம் என்று தெரியாமல் ஒன்றுக்கு எண்ணெயும் இன்னொன்றுக்கு மஞ்சளும் தடவுகிறோம்.

இது முடியோடு நிற்பதில்லை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். மாதக்கணக்கில் தூரம் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். அது நல்லதல்ல. பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தை தங்குவதில் சிரமம் வரலாம். ஆனால் சிகிச்சை இருக்கிறது, குழந்தையும் பிறக்கும். உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் இருபதில் ஒரு பங்கு குறைத்தாலே பலருக்குத் தூரம் ஒழுங்காகிறது. 70 கிலோ இருக்கும் பெண்ணுக்கு மூன்றரை கிலோதான். ஒல்லியான பெண்களுக்கும் இந்தக் கோளாறு வரும் என்பதையும் மறக்கவேண்டாம். "கல்யாணமானா சரியாப் போயிடும்" என்பது மட்டும் உண்மையே இல்லை. தாலிக்கும் சினைப்பைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

என் வயதை ஒட்டியவர்களுக்கு ஒன்று. தூரம் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வகிடு விரிந்து முடி மெலியும். பலருக்கு இது வயதின் இயல்பு. ஆனாலும் ஒருமுறை தைராய்டும் ரத்தமும் பார்த்துவிட்டு, அதன்பின் வயது என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

எல்லாமே ஹார்மோன் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஹார்மோன் கெட்டுத் தூரம் அதிகமாகப் போனால் இரும்புச்சத்து குறையும், இரும்புச்சத்து குறைந்தால் முடி கொட்டும். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நீல மாத்திரை கொடுப்போமே, ஞாபகம் இருக்கிறதா? விழுங்கியதுபோல் நடித்துவிட்டுப் பள்ளித் தோட்டத்தில் போட்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். டைபாய்டு, டெங்கு, கொரோனா போன்ற காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், பிறகு தானாக நிற்கும். பட்டினி கிடந்து எடை குறைத்தாலும் கொட்டும். வட்ட வட்டமாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. அதுவும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்குவதுதான்.

இன்னொரு காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இழுத்துப் பின்னி மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. வருடக்கணக்கில் வேரை இழுத்தால் நெற்றி ஓரத்தில் முடி ஏறிப்போகும். அந்தச் சடையை எங்கள் பள்ளியில் கட்டாயமாக்கியவர்களில் நானும் ஒருத்தி.

அன்று சாயங்காலம் அந்த அம்மாவிடம் இதில் பாதியைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏழாவது படிக்கும்போது தலைவிரி கோலமா வந்தேன்னு என்னை வெளிய நிக்க வெச்சீங்களே டீச்சர். எண்ணெ வைக்கக்கூட வக்கில்லையான்னு கேட்டீங்க."

எனக்கு நினைவில்லை. வருடம் கேட்டேன். 1993. நான் குளிரில் நடுங்கி, கணக்கை மறந்து, எரிந்து விழுந்துகொண்டிருந்த அதே வருடம். என் முடி கொட்டுவதற்கு ஊரெல்லாம் பரிதாபம் தேடிய நான், ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை முடிக்காக வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அவள் வீட்டில் அந்த வாரம் எண்ணெய் வாங்கக் காசில்லை என்று இப்போதுதான் சொன்னாள். நோய் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசில்லை. "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "அய்யோ டீச்சர், அதெல்லாம் எப்பவோ" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் துப்பட்டாவை மடியில் போட்டாள்.

மருத்துவரிடம் போகலாம் என்றால் அம்மாவுக்குப் பயம். உளுந்தூர்பேட்டைக்குப் போனால் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள், கள்ளக்குறிச்சி என்றால் அங்கே மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஆள் இருக்கிறது. "பொண்ணுக்குக் கோளாறுன்னு பேராயிடும் டீச்சர்." சரி, எனக்குத் துணைக்கு வருவதாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். அறுபது தாண்டிய கிழவி ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? மூவரும் விடியற்காலை பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போனோம்.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தார்கள். தைராய்டு நன்றாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.6. ஆண் ஹார்மோன் கூடுதல். நான் நினைத்ததுதான். அந்த மருத்துவர் அந்தப் பெண்ணிடம் நேராகப் பேசினார், அம்மாவிடம் அல்ல. "இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே போக்குவரத்துச் செலவு தகும்.

இப்போது ஆறு மாதமாகிறது. தூரம் மாதா மாதம் வருகிறது. தினம் ஒரு மணி நேரம் நடக்கிறாள், முகத்தில் களை வந்திருக்கிறது. முகவாய் முடி இன்னும் இருக்கிறது, அது குறைய நாள் பிடிக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். உச்சந்தலையில் பொடிப்பொடியாக முளைப்பதைக் காட்டினாள். தையில் பெண் பார்க்க வரவேண்டியவர்களைப் படிப்பு முடியட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று அம்மா இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சொல்லித்தான் கொடுக்கவேண்டும் என்பது என் எண்ணம். முடிவு அந்தப் பெண் கையில் இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

இனி எண்ணெய் கேட்பவர்களுக்கு என் பதில்.

எண்ணெய் கெட்டதல்ல. தேங்காய் எண்ணெய் முடித்தண்டு வறண்டு உடையாமல் காக்கும், முடியிலிருந்து புரதம் போவதைக் குறைக்கும். ஆனால் அது வெளியே வளர்ந்துவிட்ட முடிக்குச் செய்யும் உதவி. ரத்தத்தில் ஓடும் ஹார்மோனை எண்ணெய் தொடாது. ஆகவே பாட்டில் கேட்கும் பெண்களிடம் முதலில் நான் நான்கு கேள்வி கேட்பேன். மாதம் சரியாக வருகிறதா, மிக அதிகமாகப் போகிறதா? எடை, குளிர், சோர்வு, மறதி, படபடப்பு இவற்றில் மாற்றம் உண்டா? கடைசி ஆறு மாதத்தில் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை ஏதாவது நடந்ததா? வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ தைராய்டோ சர்க்கரையோ உண்டா? பதிலைப் பொறுத்து எண்ணெய்க்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். ரத்த அளவு, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, தேவைப்பட்டால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே இல்லாததற்கு அரசு மருத்துவமனை எழுதிக் கொடுப்பார்கள். தூரம் வந்த தேதிகளை நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அதைவிட உதவியான தாள் கிடையாது.

முடிக்கு என்று கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவுகளைத் தப்பாகக் காட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த முடி மருந்தை வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் சில, கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஆகவே ஆகாது.

வீட்டு ஆண்களுக்கு: உங்கள் மனைவி எரிந்து விழுகிறாள், தூங்கிக்கொண்டே இருக்கிறாள், முடி கொட்டுகிறது என்றால் சலித்துக்கொள்ளும் முன் ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். மாமியார்களுக்கு: மருமகள் சாப்பாட்டில் முடி கிடந்தால் தட்டை நகர்த்தும் முன் அவள் தலையைப் பாருங்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு: வகுப்பில் ஒரு பிள்ளை தலைவாராமல் வந்தால், கழுத்து கறுத்திருந்தால், முகத்தில் முடி இருந்தால், எதுவும் பேசும் முன் காரணத்தைத் தனியாகக் கேளுங்கள். நான் கேட்காமல் போனேன்.

எண்ணெய் இந்த மாதமும் காய்ச்சுகிறேன். வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நான்கு கேள்விக்கும் பதிலோடு வாருங்கள்.

வாழ்க நலமுடன்.